ஏழு கட்டளைகள்: யூதச் சட்டம் பிறரிடம் கேட்பது எவ்வளவு?

‘யூத மதத்தின் கட்டளைகளே உலகத்துச் சமூகங்கள் அனைத்தின் ஒழுக்கத்துக்கும் அடித்தளம், அமெரிக்க நாடாளுமன்றமே இதை ஒப்புக்கொண்டு சட்டம் இயற்றியிருக்கிறது என்று ஒருவர் பேசக் கேட்டேன். இது உண்மையா? உண்மையென்றால் யூதரல்லாத நாமும் அவற்றுக்குக் கட்டுப்பட்டவர்களா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. உலக மக்கள் கொலையையும் களவையும் குற்றமென்று கருதுவதற்கு யூத வேதம்தான் காரணமா என்பது ஒன்று; அது வரலாற்றுக் கேள்வி. யூதச் சட்டம் தன் அதிகாரம் யார்மீது எவ்வளவு தூரம் செல்லும் என்று சொல்லிக்கொள்கிறது என்பது மற்றொன்று. அது சட்டக் கேள்வி. முதலாவதற்கு ‘இல்லை’ என்று சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இரண்டாவதைத்தான் விரித்துச் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சாளர் சொன்னதற்கு ஏறக்குறைய நேர்மாறான ஒன்றை யூதச் சட்டம் சொல்கிறது. நான் யூதன் அல்லன். சட்டக் கல்லூரியில் சட்டவியலும் சமயச் சட்டங்களின் ஒப்பாய்வும் 26 ஆண்டுகள் கற்பித்தவன். எபிரேயத்தை அகராதியைப் புரட்டிப் புரட்டித்தான் வாசிப்பேன்; யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூதின் பெரும்பகுதி அமைந்திருக்கும் அராமிய மொழிக்கு மொழிபெயர்ப்பையே நம்பியிருக்கிறேன். என் சொல்லின் எடையை அதற்கேற்பக் கணித்துக்கொள்ளுங்கள்.

யூதக் கட்டளைகள் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை மோசே சீனாய் மலையில் பெற்ற பத்துக் கட்டளைகள். கிறித்தவத்தின் வழியாக உலகெங்கும் அறிமுகமானவை அவை. ஆனால் யூத மரபின் கணக்கு 613. செய்ய வேண்டியவை 248, செய்யக் கூடாதவை 365 என்று ரபி (யூதச் சட்ட ஆசான்) சிம்லாய் வகுத்ததாகத் தல்மூத் கூறுகிறது. முன்னது மனித உடலின் உறுப்புகளின் எண்ணிக்கைக்கும் பின்னது சூரிய ஆண்டின் நாள்களுக்கும் இணை என்பது அவர் தந்த விளக்கம். அந்த 613 எவை எவை என்பதில் நூலாசிரியர்களிடையே வேறுபாடு உண்டு. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் பலியும் ஆசாரியப் பணியும் சார்ந்த கட்டளைகள் நடைமுறையில் இல்லை. நமக்கு வேண்டியது இதுதான்: இந்த 613ம் இஸ்ரவேல் மக்களுக்கும் கடவுளுக்கும் இடையிலான உடன்படிக்கையைச் சேர்ந்தவை, வெளியாரைக் கட்டுப்படுத்துபவை அல்ல. பன்றி இறைச்சி உண்பதும், கம்பளியும் லினனும் கலந்து நெய்த துணியை உடுப்பதும் யூதரல்லாதவருக்குக் குற்றமே இல்லை. ஓய்வுநாள் விஷயத்தில் தல்மூத் இன்னும் ஒரு படி மேலே போய், யூதரல்லாதவர் அதை யூதரைப்போல அனுசரிக்கவே கூடாது என்கிறது. பத்துக் கட்டளைகளுள் ஒன்றே இப்படியிருக்க, அந்தப் பத்தும் அனைவருக்கும் பொதுவென்று யூதச் சட்டத்தின் பெயரால் சொல்ல முடியாது.

அனைவருக்கும் பொதுவென்று யூத மரபு சொல்வது ஏழு. பெருவெள்ளத்துக்குப் பின் எஞ்சிய நோவாவின் வழித்தோன்றல்களே மனிதகுலம் முழுவதும் என்பதால் அவை நோவாவின் மக்களுக்குரிய கட்டளைகள் எனப்படுகின்றன. அந்நிய வழிபாடு (ஒரே கடவுளை விட்டு வேறு தெய்வங்களையும் உருவங்களையும் வணங்குவது) கூடாது, கடவுளைச் சபிக்கக் கூடாது, கொலை கூடாது, தகாத உடலுறவு கூடாது, களவு கூடாது, உயிரோடிருக்கும் விலங்கிலிருந்து அறுத்தெடுத்த உறுப்பை உண்ணக் கூடாது என்பவை ஆறு; நீதிமன்றங்களை நிறுவ வேண்டும் என்பது ஏழாவது. ஒவ்வொன்றும் தலைப்புப் போன்றது. அதற்குள் கிளைகள் உண்டு. களவு என்ற தலைப்பின்கீழ் ஆள்கடத்தலையும், வேலையாளின் கூலியைக் கொடுக்காமல் நிறுத்திவைப்பதையும் இடைக்கால யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் சேர்க்கிறார்.

இந்த ஏழும் விவிலியத்தில் ஓரிடத்தில் பட்டியலாக இல்லை. ரபிகள் அவற்றை ஒரே வசனத்திலிருந்து எடுக்கும் முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏதேன் தோட்டத்தில் எல்லா மரங்களின் கனியையும் உண்ணலாம் என்று கடவுள் ஆதாமுக்குக் கட்டளையிடும் வசனம் அது. ‘கட்டளையிட்டார்’ என்ற சொல் நீதிமன்றங்களைக் குறிக்கிறது என்பார் ரபி யோகனான். ‘மனுஷனுக்கு’ என்பது கொலை விலக்கு. ‘எல்லா மரங்களின்’ என்றால் உனக்கு உரியதை உண், பிறர் பொருளைத் தொடாதே. ‘புசிக்கவே புசிக்கலாம்’ என்றால் உணவாகத் தகுந்ததை மட்டும் புசி, உயிருள்ள விலங்கின் உறுப்பைப் புசிக்காதே. எபிரேயத்தில் வினை இரட்டித்து வருவதிலிருந்துதான் இந்தக் கடைசிப் பொருளைப் பிடிக்கிறார்கள். பழைய தமிழ் விவிலியம் அந்த இரட்டிப்பைச் சிதைக்காமல் ‘புசிக்கவே புசிக்கலாம்’ என்றே பெயர்த்திருப்பதால், எபிரேயம் அறியாத தமிழ் வாசகரும் அந்தக் கொக்கியைத் தொட்டுப் பார்க்கலாம். இப்படிப் பொருள் எடுப்பது வலிந்து கொள்வதாகத் தோன்றினால் உங்கள் ஐயம் நியாயமானதே. தல்மூதிலேயே இதற்கு மாற்று விளக்கங்கள் உண்டு. கைக்கு வந்து சேர்ந்த மரபுக்கு வசனத்தில் பிடிமானம் தேடினார்கள் என்று கொள்வதே பொருத்தம். நேரான பிடிமானம் ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இறைச்சி உண்ண நோவாவுக்கு முதன்முறையாக அனுமதி தரும் இடத்திலேயே ‘மாம்சத்தை அதின் உயிராகிய இரத்தத்தோடே புசிக்கவேண்டாம்’ என்ற தடையும், மனித ரத்தம் சிந்துவோருக்கான தண்டனையும் வருகின்றன.

பட்டியலின் பழைமையைப் பற்றி எது உறுதி, எது ஐயம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஏழு என்ற எண்ணோடு இது கி.பி. 3ஆம் நூற்றாண்டளவில் தொகுக்கப்பட்ட தொசெப்தா என்ற ரபிகளின் சட்டத் தொகுப்பிலும், பின்னர் பாபிலோனியத் தல்மூதிலும் இருக்கிறது, சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற முந்தைய சட்டத் தொகுப்பில் இந்தப் பட்டியல் இல்லை. இவை உறுதி. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யூபிலி நூலில் நோவா தன் பேரன்மாருக்குச் சில கட்டளைகள் இடுகிறார்; ஆனால் அந்தப் பட்டியல் வேறு; பெற்றோரைக் கனம்பண்ணுவதும் அயலாரை நேசிப்பதும் அதில் உண்டு, நீதிமன்றம் இல்லை. ஆகவே இத்தகைய பொதுக் கட்டளைகள் உண்டு என்ற எண்ணம் பழையது. ஏழு என்ற உருவம் பிந்தியது என்பது என் கணிப்பு. புதிய ஏற்பாட்டில், அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தில், யூதரல்லாத விசுவாசிகள் விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகிய நான்கை விலக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார்களே, அது இதே மரபின் கிளைதானா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை.

வரலாற்றுக் கேள்விக்கு ‘இல்லை’ என்றேன். சுமேரிய அரசன் ஊர்-நம்முவின் சட்டத் தொகுப்பு சுமார் கி.மு. 2100ஐச் சேர்ந்தது, பாபிலோன் அரசன் ஹம்முராபியின் கல்வெட்டு கி.மு. 18ஆம் நூற்றாண்டு. கொலை, களவு, கூலி, சாட்சியம் ஆகியவற்றைப் பற்றிய விதிகள் எபிரேய நூல்கள் எழுதப்படுவதற்கு வெகு காலம் முன்பே களிமண்ணிலும் கல்லிலும் பதிந்துவிட்டன. ஆனால் இதைக் காட்டி யூத மரபை மடக்கிவிட்டதாக எண்ணுவதும் தவறு. இந்த ஏழும் மோசேக்கு முன்பே, ஆதாமிலிருந்தே, மனிதர் எல்லாருக்கும் தரப்பட்டவை என்பதுதான் அந்த மரபின் நிலைப்பாடு. எனவே ஹம்முராபியிடம் களவுக்குத் தண்டனை இருப்பது அவர்களுக்கு மறுப்பு ஆகாது, சான்றுதான் ஆகும். அகழாய்வு இதை மெய்ப்பிக்கவும் முடியாது, பொய்ப்பிக்கவும் முடியாது. ‘எங்களிடமிருந்து கற்றீர்கள்’ என்று பேச்சாளர் சொன்னது மரபில் இல்லாதது. மரபு சொல்வது ‘உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது’ என்பது.

இந்த ஏழில் சட்டம் கற்பித்தவன் என்ற முறையில் என்னை அதிகம் ஈர்த்தது ஏழாவது. மற்ற ஆறும் செய்யாதே என்கின்றன; இது ஒன்றுதான் செய் என்கிறது. எதைச் செய்வது என்பதில்தான் மைமோனிடிஸும் நாக்மனிடிஸும் மோதிக்கொண்டார்கள். 12ஆம் நூற்றாண்டில் கொர்தோபாவில் பிறந்து எகிப்தில் 1204இல் மறைந்த மைமோனிடிஸ், எஞ்சிய ஆறையும் நிலைநாட்ட நீதிபதிகளை அமர்த்துவதே இந்தக் கட்டளை என்றார். அதற்கு அவர் காட்டிய உதாரணம் சீகேம் ஊர். யாக்கோபின் மகள் தீனாளை அவ்வூர்த் தலைவனின் மகன் கவர்ந்து கெடுத்தான். அவளுடைய சகோதரர் இருவர் ஊர் ஆண்கள் அனைவரையும் வெட்டினார்கள். ஒருவன் செய்த குற்றத்துக்கு ஊர் எப்படிப் பொறுப்பாகும்? கண்டும் அறிந்தும் அவனை அவர்கள் விசாரிக்கவில்லை, ஆகவே நீதிமன்றக் கட்டளையை மீறினார்கள் என்பது மைமோனிடிஸின் விடை. 13ஆம் நூற்றாண்டு உரையாசிரியரான நாக்மனிடிஸ் இதை ஏற்கவில்லை. யாக்கோபு தன் மக்களைக் கடிந்துகொண்டதை அவர் எடுத்துக்காட்டுகிறார். கட்டளையை அவர் விரிவாகக் காண்கிறார்: களவு, ஏமாற்று, கூலி, அடைக்கலப் பொருள், சேதம், கடன், கொள்முதல், விற்பனை என்று வாழ்க்கைக்கு வேண்டிய உரிமையியல் சட்டம் முழுவதையும் ஒவ்வொரு சமூகமும் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள்.

சீகேமின் படுகொலைக்கு நியாயம் கற்பிக்கும் மைமோனிடிஸின் வாதம் எனக்கு ஒருபோதும் செரித்ததில்லை. ஆனாலும் இருவரையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. யூதச் சட்டத்தின் வாரிசுரிமையையும் பத்திரப் பதிவையும் உலகம் பின்பற்ற வேண்டும் என்று இருவருமே சொல்லவில்லை. நீதிமன்றம் ஒன்று இருக்கட்டும். அதன் பெரும்பாலான விதிகளை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று விடப்பட்ட வெற்றிடம் அது. 3ஆம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் வாழ்ந்த சாமுவேல் என்ற ரபி ‘அரசின் சட்டமும் சட்டமே’ என்று வகுத்த விதி, யூதர் வாழும் நாட்டின் வரியையும் சொத்துச் சட்டத்தையும் யூதரே ஏற்க வேண்டும் என்கிறது. அடித்தளம் என்று எதையாவது சொல்வதானால் இந்த ஏழாவதைத்தான் சொல்வேன்.

அடுத்து, கட்டளைக்குக் காரணம் கடவுளா, பகுத்தறிவா என்ற வழக்கு ஒற்றை எழுத்தில் தொங்குவதைச் சொல்ல வேண்டும். இந்த ஏழையும் கடவுள் மோசே வழியாக அறிவித்தார் என்று ஏற்றுக் கடைப்பிடிப்பவர் ‘உலக மக்களுள் பக்தர்’, மறுமையில் அவருக்குப் பங்குண்டு என்று மைமோனிடிஸ் எழுதினார். தன் அறிவு சொல்வதால் மட்டும் கடைப்பிடிப்பவரோ பக்தருள் சேரார். அடுத்து வரும் எபிரேயச் சொல்லின் முதல் எழுத்து வாவ் என்றால் ‘ஞானியருள்ளும் சேரார்’ என்று பொருள். அலெஃப் என்றால் ‘ஆனால் ஞானியருள் சேர்வார்’ என்று பொருள். நெடுங்காலம் புழங்கிய அச்சுப் பதிப்புகளில் வாவ் இருந்தது. தத்துவ அறிஞர் ஸ்பினோசா 1670இல் வெளியிட்ட நூலில் அந்தப் பாடத்தை வைத்தே மைமோனிடிஸைத் தாக்கினார். யூதத் தத்துவ அறிஞர் மோசஸ் மெண்டல்சன் 1773இல் ரபி யாக்கோபு எம்டனுக்கு எழுதிய கடிதத்தில், கிழக்கிலிருந்து மேற்குவரை வாழும் நல்லோர் எல்லாரும் நம் வேதத்தை ஏற்காத ஒரே காரணத்தால் நரகத்துக்குப் போவார்களா என்று மனம் நொந்து கேட்டார். கையெழுத்துப் படிகளின் சான்று அலெஃபுக்கே சாதகமாக இருப்பதால் அதுவே மூலப் பாடம் என்று இன்று பரவலாகக் கொள்ளப்படுகிறது. இருந்தாலும் ‘பக்தர்’ என்ற பட்டத்துக்கு மைமோனிடிஸ் வைத்த நிபந்தனை அப்படியேதான் நிற்கிறது. அதற்குத் தல்மூதில் ஆதாரம் தேடிய 16ஆம் நூற்றாண்டு ரபி யோசேப்பு காரோ, இது ஆசிரியரின் சொந்தக் கருத்தாகத் தோன்றுகிறது என்று எழுதி, சரியான கருத்து என்றும் சேர்த்துக்கொண்டார்.

இனி, பேச்சாளர் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய இடர்ப்பாடுகள். முதலாவது தண்டனை. இந்த ஏழில் எதை மீறினாலும் தண்டனை மரணம் என்பதே தல்மூதின் ஏட்டு விதி. மிகச் சிறு நாணயமான பெருத்தாவுக்கும் குறைந்த மதிப்புள்ள களவும் அதில் அடங்கும். ஏழையும் ஏற்காதவரைக் கட்டாயப்படுத்தி ஏற்கச் செய்ய வேண்டும் என்றுகூட மைமோனிடிஸ் எழுதியிருக்கிறார். மூடி மறைப்பதில் பயனில்லை. இதைப் பொது ஒழுக்கத்தின் அடித்தளமாக இன்று எவரும் முன்வைக்க முடியாது. எனினும் எழுதியவர்கள் யார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ரோமருக்கும் பாரசீகருக்கும் கீழ்ப்பட்டு வாழ்ந்த, ஆளவந்தார்மீது எந்த அதிகாரமும் இல்லாத மக்களின் கல்விக்கூட விவாதம் அது.

இரண்டாவது இடர்ப்பாடு அந்நிய வழிபாடு. இது நம் வாசலுக்கே வந்த கதை. மணமான யூதப் பெண்கள் தலைமுடியை மறைக்க வேண்டும். வைதிகக் குடும்பங்களில் பலர் விக் அணிவார்கள். அந்த விக்குகளுக்கான முடியில் கணிசமான பகுதி திருமலையிலிருந்து ஏலத்தில் போனது. அந்த முடி ஒரு தெய்வத்துக்குப் படைக்கப்பட்டதா என்ற ஐயம் வலுத்து, லண்டனிலிருந்து ஒரு ரபி திருப்பதிக்கு வந்து பார்த்துச் சென்றார். எருசலேமின் மூத்த ரபி யோசேப் ஷாலோம் எலியாஷிவ் 2004இல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தார். புரூக்ளினிலும் இஸ்ரேலிலும் விக்குகளைத் தெருவில் குவித்து எரித்தார்கள். நானும் ஏழு வயதில் அங்கே மொட்டை போட்டவன்: தலையில் தண்ணீர் வழிய வழியக் குனிந்திருந்ததும், கழுத்தில் ஒட்டிய முடி உறுத்தியதும், அப்பா ‘கோவிந்தா சொல்லுடா’ என்றதும் இன்னும் நினைவிருக்கின்றன. அங்கே பூசை இல்லை, மந்திரம் இல்லை, சன்னதியும் இல்லை. வழிப்பது கோயில் அர்ச்சகர் அல்லர், நாவிதர். விழுந்த முடியை யாரும் பெருமாள்முன் கொண்டுபோய் வைப்பதில்லை. ‘முடி இறக்குதல்’ என்ற நம் வழக்கைக் கேட்டிருந்தால் அந்த ரபி விட்டிருக்கக்கூடும். ஆனால் நாமே அதை ‘முடி காணிக்கை’ என்றும் சொல்கிறோம். காணிக்கை என்றால் படைத்தது தானே என்று அவர் கேட்டால் என்னிடம் எளிய பதில் இல்லை. அழகைத் துறப்பதே காணிக்கை, முடி அதன் மிச்சம் என்று நான் வாதாடுவேன். தீர்ப்பு அவர் கையில்.

யூதருக்குள்ளேயே இந்த விஷயத்தில் வேறு குரல்கள் உண்டு. ஒரே பரம்பொருளை ஏற்றுக்கொண்டு, அதனோடு வேறொன்றையும் சேர்த்து வணங்குவது யூதருக்குத்தான் விலக்கு, மற்றவருக்கு இல்லை என்று பிற்கால ரபிகள் பலர், 12ஆம் நூற்றாண்டு ரபேனு தாமின் ஒரு கூற்றை அடிப்படையாகக் கொண்டு, கிறித்தவர் பொருட்டு வாதிட்டார்கள், எல்லாரும் ஏற்றதில்லை. இஸ்ரேலின் தலைமை ரபி மன்றத்தாரும் இந்து தர்ம ஆச்சாரிய சபையினரும் 2007இல் புதுதில்லியிலும் 2008இல் எருசலேமிலும் சந்தித்தபோது, இந்துக்கள் வணங்குவது உருவமாகவும் அருவமாகவும் உள்ள ஒரே பரம்பொருளையே என்ற கருத்தில் கூட்டறிக்கை வெளிவந்தது. நல்லிணக்க அறிக்கை என்ற அளவில் அது பெரிய செயல். ரபி நீதிமன்றத் தீர்ப்புக்கு உள்ள கட்டுப்படுத்தும் வலிமை அதற்கு இல்லை.

அமெரிக்கச் சட்டம் பற்றிக் கேட்டீர்கள். அது 1991 மார்ச்சில் மூத்த ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட தீர்மானம். லுபாவிச் என்ற வைதிக யூத இயக்கத்தின் தலைவர் ரபி மெனாகெம் மெண்டல் ஷ்னீர்சனைச் சிறப்பித்து ஒரு நாளைக் கல்வி நாளாக அறிவிப்பதே அதன் செயற்பகுதி. நோவாவின் ஏழு கட்டளைகளே நாகரிகம் தோன்றிய நாள் முதல் சமூகத்தின் அடிப்பாறையாக இருந்தவை என்ற வாசகம் முகவுரையில் மட்டும் வருகிறது. முகவுரை எவரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. முதலாண்டு மாணவருக்கே தெரிந்த செய்தி. இதை வைத்து, ஏழை மீறுவோரின் தலையை வெட்டும் சட்டம் அமெரிக்காவில் வந்துவிட்டது என்று பரப்பப்படுவது வெறும் வதந்தி. ஐரோப்பியச் சட்டச் சிந்தனையில் இந்த ஏழுக்கு உண்மையான செல்வாக்கைத் தேடுவதானால், ஆங்கிலேய வழக்கறிஞர் ஜான் செல்டனிடம் போக வேண்டும். கிறித்தவரான அவர் இயற்கைச் சட்டத்தைப் பற்றி 1640இல் லத்தீனில் வெளியிட்ட பெருநூலை இந்த ஏழு கட்டளைகளின் சட்டகத்திலேயே அமைத்தார்.

கடைசியாக, நாமும் கட்டுப்பட்டவர்களா என்பதற்கு. யூதச் சட்டத்தின் பார்வையில் ஆம், ஏழுக்கு மட்டும். அந்தச் சட்டத்தை ஏற்காதவருக்கு அது ஒரு பழஞ்சமூகம் பிறரிடம் எதிர்பார்த்த குறைந்தபட்சத்தின் பதிவு. குறைந்தபட்சம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்த ஏழில் தாய் தந்தையரை மதிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஆனால் பெற்றோரை மதிப்பது எதுவரை செல்ல வேண்டும் என்று ரபி எலியேசரிடம் கேட்டபோது, அஸ்கலோனில் ஒருவனைப் போய்ப் பாருங்கள் என்றார். அவன் தாமா பென் நெத்தினா, யூதன் அல்லன். பிரதான ஆசாரியரின் அங்கிக்கான கற்களை வாங்க எருசலேமிலிருந்து வந்தார்கள். ஆறு லட்சம் லாபம் கிடைக்கும் வியாபாரம். பெட்டிச் சாவி தூங்கிக்கொண்டிருந்த தந்தையின் தலையணைக்கு அடியில் இருந்தது. தாமா எழுப்பவில்லை; வந்தவர்கள் போய்விட்டார்கள். மறு ஆண்டு அவன் மந்தையில் ஆலயச் சடங்குக்கு வேண்டிய சிவப்புக் கிடாரி ஒன்று பிறந்தது. என்ன விலை கேட்டாலும் கொடுப்பீர்கள் என்று தெரியும், அன்று என் தந்தைக்காக நான் இழந்ததை மட்டும் கொடுங்கள் என்றான். கதையைச் சொல்லி முடித்த கையோடு தல்மூத் ரபி ஹனினாவின் கூற்று ஒன்றைச் சேர்க்கிறது: கட்டளை இல்லாமலே செய்தவனுக்கு இவ்வளவு பலன் என்றால், கட்டளையிடப்பட்டுச் செய்பவனுக்கு எவ்வளவு! ஏனெனில் கட்டளைக்கு உட்பட்டுச் செய்பவனே பெரியவன். வகுப்பில் இதைச் சொன்ன ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் தாமாவின் பக்கம் நின்று ஹனினாவோடு சண்டை போட்டார்கள். நானும் தாமாவின் பக்கம்தான். ஆனால் ஹனினாவுக்காக வாதாடும் வேலை ஒவ்வோர் ஆண்டும் எனக்கே வந்தது.